அவுகன்னா எவுக?

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தொடரை எழுதச் சொல்லிக் கேட்டபோது முதலில் மனசில் வந்தது இந்தச் சம்பவம்தான். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் இதைத் தள்ளிவைத்தேன். ஏலத்தோட்டத்தைப் பற்றி எழுதினேன், அட்டைக்கடியைப் பற்றி எழுதினேன், குச்சனூர்க் கோயிலில் செருப்புத் தொலைந்ததைக்கூட ஒரு வாரம் முழுக்க எழுதினேன். எல்லாம் இதை எழுதாமல் இருப்பதற்கான சாக்கு.

பயம் என்று நினைத்துவிடாதீர்கள். கூச்சம்தான்.

இந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால் ஒரு பேரைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது என் வாழ்க்கையில் ஒரே ஒரு காலையில்தான். இன்றைக்கு எழுதப்போகிறேன். அம்மன் துணை.

அந்தக் காலையிலிருந்தே தொடங்குகிறேன்.

தேனி தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஆபீசுகளுக்கெல்லாம் சொந்தக் கட்டடம் வராத நேரம். அல்லிநகரத்தில் ஒரு சந்துக்குள் யாரோ குடியிருந்த வீட்டை வாடகைக்குப் பிடித்து ஒரு ஆபீசு நடத்தினார்கள். சமையல்கட்டில் அடுப்பு மேடை மேலே காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்தன. சாமி மாடத்திலும் காகிதக் கட்டுதான். அதற்கு மேலே, காலிசெய்து போனவர்கள் மறந்துவிட்ட ஒரு திருநீற்றுப் பொட்டலம். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்தது.

வாசலில் முருங்கை மரத்தடியில் வேலைக்கு நேர்காணல் வந்த பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்திக்குப் பக்கத்திலும் ஒரு வெள்ளைச்சட்டைக்காரர். நான் மட்டும் தனி.

அப்போது அந்த ஆபீசுக் குமாஸ்தா உள்ளேயிருந்து ஒரு இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதைத் துடைத்தார். என் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

"உக்காருங்கம்மா. ஏன் நிக்கிறீக?" என்றார். கொஞ்ச நேரத்தில் இஞ்சி தட்டிப் போட்ட டீயும் வந்தது.

இத்தனை பேர் வெயிலில் நிற்க, மலையில் ஏலக்காய் பறிக்கிற எனக்கு மட்டும் எதற்கு நாற்காலி? அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

மலைக்கு ஏறும் ஜீப்

மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில்தான் நான் வாழ்க்கைப்பட்ட ஊர். நெல்லும் வாழையும் தென்னையும் சுற்றிலும் இருந்தாலும் எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் சின்னமனூர் மார்க்கெட்டில் வாழைத்தார் சுமந்தார். நான் விடியுமுன் வந்து நிற்கிற ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்தேன்.

அந்த ஜீப்பைப் பற்றி ஏற்கனவே எழுதியிருக்கிறேன். ஆடு மாடு ஏற்றினால்கூட இன்னும் கொஞ்சம் இடம் விட்டு ஏற்றுவார்கள். வளைவுக்கு வளைவு ஒவ்வொருத்தியும் ஒரு சாமியைக் கூப்பிடுவோம். இறங்கி வரும்போது இருட்டிவிடும். கையில் ஏலக்காய் வாசம், காலில் அட்டைக்கடி ரத்தம்.

மகளைத் தூங்கும்போது விட்டுப்போவேன். தூங்கும்போது வந்து பார்ப்பேன். பக்கத்து வீட்டு ஜொகரா அக்காதான் பகலெல்லாம் வைத்துக்கொள்வாள். ஒருநாள் நான் வந்ததும் அக்கா சொன்னாள்:

"ஏத்தா பேச்சி, ஒம் மக இன்னிக்கு நடந்துட்டா. எங்க வீட்டு வாசப்படியிலருந்து ஒங்க வீட்டு வாசப்படி வரைக்கும். ஒன்னயத் தேடித்தான் போனா."

அன்றைக்குத் தூங்குகிற பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிள்ளையை எழுப்பி நடக்கச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

ஊர்ப் பால்வாடியில் இருந்த ஆயாவுக்கு ஓய்வு வருகிறது என்ற சேதியைக் கொண்டுவந்ததும் அக்காதான்.

"நீ எட்டாப்பு பாஸுல்ல? எழுதிப் போடு. கெடச்சுச்சுன்னா ஒம் பிள்ளையையும் நீயே வளக்கலாம், அதுக்குச் சம்பளமும் குடுப்பாக. இந்த மாதிரி வேலை ஒலகத்துல எங்கனயாச்சும் உண்டா?"

அதற்குமேல் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த வேலை வேண்டும். மலைக்கு ஏறக்கூடாது. அவ்வளவுதான்.

விண்ணப்பத்தை எங்கள் வீட்டுக்காரர்தான் நிரப்பினார். கணவர் பேர் எழுதுகிற இடம் ஒன்று இருந்ததே, அதனால். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

சொல்லுவோம், சொல்லியிருக்கு, சொல்லியாச்சு

விண்ணப்பம் போட்டால் வேலை வந்துவிடுமா? ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சு. "ஆள் இருக்கா?" ஆள் என்றால் சிபாரிசு செய்கிற ஆள்.

எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட ஆளுக்கு 'ஒன்றியம்' என்று பேர். ஒன்றியச் செயலாளரைத்தான் அப்படிச் சொல்வோம். மாவட்டச் செயலாளராக இருந்தால் 'மாவட்டம்'. "ஒன்றியம் குளிச்சுக்கிட்டு இருக்காக", "மாவட்டம் இன்னும் எந்திரிக்கல" என்று பேசுவதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் மயங்கிப்போவார்கள். இந்த ஒன்றியத்துக்குச் சொந்தப் பேர் ஒன்று உண்டு. அதுவும் எங்கள் வீட்டுக்காரர் பேரும் ஒன்றே. அதனால் அவரையும் நான் ஒன்றியம் என்றுதான் சொல்லிப் பழக்கம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை எங்கள் வீட்டுக்காரர் ஒரு செவ்வாழைத் தாரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒன்றியம் வீட்டுக்குப் போனார். அவரிடம் இருந்ததே ஒரு நல்ல வேட்டி, ஒரு கல்யாணத்தில் யாரோ எடுத்துக் கொடுத்தது. அதைக் கட்டிக்கொண்டு போனார். அதில் இருந்த கரையைக் கவனிக்கவில்லை.

ஒன்றியத்துக்கு எடுபிடியாக மாயி என்று ஒருவர். வீட்டுக்குள்ளேயும் கறுப்புக்கண்ணாடி போட்டிருப்பார். அவர்தான் வாசலில் பிடித்துக்கொண்டாராம்.

"ஏலே, எந்தக் கட்சி வேட்டியக் கட்டிக்கிட்டு எந்தக் கட்சி வீட்டுக்கு வந்திருக்க? தாரு நம்ம கட்சி, இடுப்பு அந்தக் கட்சியா?"

அங்கன நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். தாரை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து உம்மென்று உட்கார்ந்திருந்தார். நான் ஊசி நூலை எடுத்தேன். வேட்டியின் கரையை உள்பக்கமாக மடித்து, தெரியாமல் தைத்துக் கொடுத்தேன். அடுத்த தடவை கரையே இல்லாத வேட்டியோடு போனார். எந்தக் கட்சியிலும் சேராத இடுப்பு.

அன்றைக்கு ஒன்றியத்தைப் பார்க்க முடிந்தது. அவர் சொன்னது ஒரே ஒரு சொல். "சொல்லுவோம்."

நான் படித்தது எட்டாம் வகுப்பு. இலக்கணம் அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் அந்தச் சில மாதங்களில் மூன்று வினைச்சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டேன். முதலில் 'சொல்லுவோம்'. அதற்கு அர்த்தம், நீ இப்போது போகலாம் என்பது. அடுத்து 'சொல்லியிருக்கு'. யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எப்போது சொன்னது என்று எதுவும் அதில் கிடையாது. மழை பெய்திருக்கு என்பது மாதிரி, அதுவாக நடந்தது. கடைசியாக 'சொல்லியாச்சு'. இனிமேல் வந்து கேட்காதே என்று அர்த்தம்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இந்த வித்தியாசம் பிடிபடவில்லை. ஒவ்வொரு தடவையும் முகம் மலர்ந்து வருவார். "சொல்லியிருக்காம் புள்ள!" என்பார்.

"யாரு சொல்லியிருக்காகளாம்?"

"அதான்... சொல்லியிருக்கு."

ஒன்றியம் வீட்டுத் தொழுவத்தில், தான் கொண்டுபோன தாரை மாடு தின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததாக ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார்.

அந்த வருசச் சித்திரையில் வீரபாண்டி அம்மன் கோயிலுக்குப் போனேன். முல்லையாற்றில் முங்கி, ஈரச்சேலையோடு குடத்தில் தண்ணீர் மொண்டு, கோயிலில் நட்டிருக்கிற, மூன்று கிளை உள்ள முக்கம்பத்துக்கு ஊற்றினேன். "தாயே, எனக்கு ஆள் இல்லை. நானே வந்து சொல்றேன்" என்றேன். அங்கே மட்டும்தான் யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்பது தெளிவாக இருந்தது.

பஸ்ஸில் ஒரு அருவி

இந்த இடத்தில் பேர் சங்கதியைச் சொல்லிவிட வேண்டும்.

புருசன் பேரைச் சொல்லக்கூடாது. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என் ஆத்தா சொல்லிக் கட்டிக்கொடுத்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'வாடா போடா' என்கிறார்கள். அவர்கள் புருசன்மாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு நாக்கு வராது. 'அவுக', 'எங்க வீட்டு ஆளு', 'இந்தாங்க', 'கேட்டீகளா' என்றே காலம் ஓடிவிட்டது.

இதில் என் கஷ்டம் என்னவென்றால், அவர் பேரில் பாதி ஒரு ஊர்ப் பேர். கம்பத்துக்கு அங்கிட்டு இருக்கிற அருவியின் பேர். கல்யாணமான புதுசில் என் அக்கா குடும்பத்தோடு அந்த அருவிக்குப் போனோம். பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டியது நான்.

"எங்கம்மா போகணும்?" என்றார் கண்டக்டர்.

"அருவிக்கு."

"எந்த அருவிக்கு?"

"தண்ணி விழுகுமே, அந்த அருவிக்கு."

"எல்லா அருவியிலயும் தண்ணிதாம்மா விழுகும். பால் விழுகுற அருவியிருந்தாச் சொல்லு, நானும் வர்றேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. பிறகு அவரே புரிந்துகொண்டு, "ஓ! அண்ணன் பேரா? பொறகென்ன, சொல்லாத. ஒனக்காக நானே சொல்றேன்" என்று சத்தமாக அந்தப் பேரைச் சொல்லி டிக்கெட்டைக் கிழித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அர்ச்சனைக்குப் போனாலும் அப்படித்தான். பேர் கேட்டால், "சாமி பேருக்கே செஞ்சுருங்க" என்பேன்.

"யாரு சொல்லி வந்திருக்க?"

நேர்காணலுக்கு வரச்சொல்லி அட்டை வந்தது. எங்கள் வீட்டுக்காரரும் கூட வருவதாகத்தான் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் மாயி சொல்லியனுப்பினார். காலையில் ஒன்றியம் வீட்டில் வந்து நிற்க வேண்டுமாம், அங்கேயிருந்தே போன் போட்டுச் சொல்லிவிடுவார்களாம்.

"நீ தேனிக்குப் போ. நான் அங்கன போயி நிக்கிறேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு. பயப்படாத" என்றார். தார் சுமந்து சுமந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்த நேரம். விடிந்ததும் அவர் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறினேன். வீரபாண்டி தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆபீசு வாசலில் அந்தக் குமாஸ்தா மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருத்தியையும் ஊர் கேட்டு, பேர் கேட்டு, அடுத்து அதே மூச்சில் "யாரு சொல்லி வந்திருக்க?" என்று கேட்டார். மணி என்ன என்று கேட்பது மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. ஒருத்தி ஒரு பெரிய மனிதர் பேரைச் சொன்னாள். இன்னொருத்தி அதைவிடப் பெரியவர் பேரைச் சொன்னாள். என் முறை வந்தது.

"யாரு சொல்லி வந்திருக்க?"

"அவுக சொன்னாகய்யா. போயிட்டு வா, பயப்படாதன்னு சொன்னாக."

"எவுக?"

"அவுகதான்யா."

"அவுகன்னா எவுகம்மா? ஆளாளுக்கு ஒரு அவுக இருக்காக. பேரைச் சொல்லு."

"பேரு சொல்ல மாட்டேன்யா."

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஒம் பேரு பேச்சியம்மா. பேச மாட்டேங்குறியே. சொல்லக்கூடாதுன்னாகளா?"

"சொல்ற வழக்கமில்லைய்யா."

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, பேரு வேணாம். அடையாளம் மட்டும் சொல்லு. நான் புரிஞ்சுக்கிறேன்."

"கம்பத்துக்கு அங்கிட்டு ஒரு அருவி இருக்குல்லய்யா, அது பாதி. முருகன் கையில இருக்கிறது மீதி."

அவர் எழுந்தே விட்டார். "அடடே, அவுகளா! மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"அவுகளை ஒங்களுக்குத் தெரியுமாய்யா?"

"நல்லாக் கேட்டீக! இந்தப் பக்கத்துல அவுகளைத் தெரியாத ஆளு உண்டா?"

எனக்குப் பூரித்துப்போனது. தாரை நோகாமல் இறக்குகிற ஆள் என்று சின்னமனூர் மார்க்கெட்டில் எங்கள் வீட்டுக்காரருக்குப் பேர் உண்டு. அந்தப் பேர் தேனி வரைக்கும் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"ஒடம்பு எப்படி இருக்கு அவுகளுக்கு? இடுப்பு வலின்னு கேள்விப்பட்டேன்."

"காலையில எண்ணெய் தேச்சுவிட்டுத்தான்யா வந்தேன். இப்பத் தேவலை."

"காலையிலயா?"

"நெதமும் நான்தான்யா தேச்சுவிடுறது."

அவர் முகம் போன போக்கை நான் அப்போது கவனிக்கவில்லை. என் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, கணவர் பேர் இருக்கிற வரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைச்சட்டைக்காரர் காதில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்போது வந்ததுதான் அந்த இரும்பு நாற்காலி.

டீ கசந்தது

டீயில் பாதி குடித்திருப்பேன். முருங்கை மரத்தடியில் நின்ற இரண்டு பெண்கள் பேசுவது காதில் விழுந்தது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள்.

"ஏண்டி, இவளுக்கு மட்டும் என்ன சேரு?"

"ஒனக்குத் தெரியாதா? ஒன்றியத்துக்குச் சின்னமனூர்ப் பக்கம் ஒரு வீடு இருக்குன்னு சொல்லுவாகள்ல? இவதானாம்."

"அடி ஆத்தி!"

"தெனம் எண்ணெய் தேச்சுவிடுறாளாம். அவளே சொல்றா. விண்ணப்பத்துலயும் புருசன் பேருன்னு அவுக பேரையே எழுதியிருக்காளாம். என்னா நெஞ்சழுத்தம் பாரு."

எனக்கு முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. புரிந்தபோது அந்த டம்ளரைக் கீழே வைக்கக் கை வரவில்லை.

ஆனால் உள்ளதைச் சொல்கிறேன். அந்த நேரத்திலும் ஒரு யோசனை ஓடியது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை என்னுடையது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். வாயைத் திறந்தால் நாற்காலி போகும். நாற்காலி போனால் வேலை போகும். நாளைக்கு விடியுமுன் அந்த ஜீப் வந்து நிற்கும். என் மகள் இன்னும் என்னென்ன கற்றுக்கொள்வாளோ, எல்லாவற்றையும் ஜொகரா அக்கா சொல்லித்தான் நான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் எங்கள் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. இந்த நேரத்தில் ஒன்றியம் வீட்டு வாசலில், கரையை மடித்துத் தைத்த வேட்டியோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எனக்காக நிற்கிறார். இங்கே அவரையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். அவர் கட்டின தாலிக்கு வேறொருத்தர் பேரைப் போட்டுவிட்டார்கள். பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள். இங்கே சொல்லாததால் ஆளே குறைந்துபோனார்.

"பேச்சியம்மா!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

அதிகாரி ஒரு அம்மா. கண்ணில் தூக்கமில்லாத களைப்பு. என்னைப் பார்த்ததும் வரவழைத்த ஒரு சிரிப்பு. குமாஸ்தா அவர் காதோரமாக நின்றார்.

"வாங்க, உக்காருங்க. அவர் சொல்லியிருக்காராமே" என்றார்.

நான் உட்காரவில்லை. "அம்மா, அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும்" என்றேன். மனசுக்குள் அம்மனைக் கும்பிட்டேன். 'தாயே, ஆயுசைப் பாத்துக்க' என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தேன்.

"எங்க வீட்டுக்காரர் பேரு சுருளிவேல்."

சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா தலையாட்டினார். "தெரியும்மா. இவர் சொன்னார்."

குமாஸ்தாவும் தலையாட்டினார். "நான் சொன்னேன்லம்மா. அவுகதான்."

எப்படி இருக்கும் எனக்கு! கட்டின நாளிலிருந்து பொத்திப் பொத்தி வைத்த பேர். அதைக் கொண்டுவந்து சபையில் வைத்தால், அதுவும் போய் ஒன்றியத்தின் மடியிலேயே விழுகிறது. சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. ஒருதரம் உடைந்த பிறகு பயம் எதற்கு? சத்தமாகவே சொன்னேன்.

"அவுக இல்லம்மா, இவுக! ஒன்றியம் சுருளிவேல் வேற, எங்க வீட்டுச் சுருளிவேல் வேற. இவுக சின்னமனூர் மார்க்கெட்டுல வாழைத்தார் சுமக்கிற சுருளிவேல். என் கழுத்துல தாலி கட்டுன சுருளிவேல். ஒன்றியத்தை நான் போஸ்டர்ல பாத்ததோட சரி. எனக்கு ஒலகத்துல ஒரே ஒரு சுருளிவேல்தாம்மா!"

முருங்கை மரம் வரைக்கும் கேட்டிருக்கும். வெளியே பேச்சு நின்றது. குமாஸ்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார், மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தார். அந்த அறையிலும் எனக்காக இழுத்துப் போட்டிருந்த நாற்காலியை நானே பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தேன்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டார். "அப்ப ஒனக்கு யாரும்மா சிபாரிசு?"

அம்மன் பேரைச் சொல்லலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சாமியை ஒன்றியம் மாதிரி ஆக்கக்கூடாது என்று தோன்றியது. "யாருமில்லம்மா" என்றேன்.

"சரி. பால்வாடியில பிள்ளை அம்மாவைத் தேடி அழுதா என்ன செய்வ?"

"எங்க ஊருல பாதிப் பொம்பளைக மலைக்குப் போறவுகம்மா. எந்த ஜீப்பு எந்நேரம் மெட்டு எறங்கும், எந்நேரம் ஊருக்குள்ள வரும்னு எனக்குத் தெரியும். 'இப்ப ஒங்காத்தா ஏலச்செடிக்குள்ள நிக்கிறா, ஒன்னயத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பா'ன்னு சொல்லுவேன். அது பொய்யில்லம்மா. நான் அங்கன நின்னுருக்கேன்."

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு குனிந்து ஏதோ எழுதினார். "போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

சொல்லியாச்சாம்

சின்னமனூரில் இறங்கியபோது எங்கள் வீட்டுக்காரர் பஸ் நிற்கிற இடத்தில் காத்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"சொல்லியாச்சாம் புள்ள!"

"ஒன்றியம் சொன்னாகளா?"

"ஒன்றியம் முந்தாநாளே ஒரு கல்யாணத்துக்கு மதுரைக்குப் போயிட்டாகளாம். மாயிதான் சொன்னாரு, சொல்லியாச்சுன்னு."

நான் அங்கேயே நின்று நடந்ததெல்லாம் சொன்னேன். நாற்காலி, டீ, முருங்கை மரத்துப் பேச்சு, எல்லாம். பேரைச் சொன்னேன் என்று சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்தேன். மார்க்கெட்டைத் தாண்டி, வாய்க்கால் பாலம் வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்காமலேயே நடந்தார். போச்சு, கோபம் என்று நினைத்தேன். பாலத்தில் நின்றார்.

"எப்படிச் சொன்ன? ஒருக்கா சொல்லு, கேப்போம்."

"அட, போங்க!"

"அந்தக் குமாஸ்தாவுக்குச் சொல்லுவ, எனக்குச் சொல்லமாட்டியா?"

நான் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

மறுநாளும் ஜீப் வந்தது. ஏறினேன். தென்மேற்கு மழை பிடித்து, மலையெல்லாம் நசநசவென்று இருந்த நாட்களில் ஒருநாள் இறங்கி வந்தபோது, ஜொகரா அக்கா என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜீப் நிற்கிற இடத்துக்கே வந்திருந்தாள். பிள்ளை கையில் ஒரு பழுப்புக் கவர். ஓரத்தைக் கடித்து வைத்திருந்தாள். ஆர்டர்.

கொஞ்ச நாளில் மாயி வந்தார், கறுப்புக்கண்ணாடியோடு. "பாத்தியா, சொல்லியாச்சுன்னேன்ல?" என்றார்.

காப்பி கொடுத்தேன். "ஒங்க பிரியத்துக்கு நன்றிண்ணே. ஆனா எங்கன நின்னு, என்ன சொல்லி வேலை வாங்குனேன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

ஜொகரா அக்கா சும்மா இருப்பாளா? "கண்ணாடியக் கழட்டிட்டு ஒருக்கா சொல்லுங்கண்ணே, நம்புறோம்" என்றாள். அவர் காப்பியை முழுக்கக் குடிக்காமலே எழுந்துபோனார்.

அந்த அதிகாரி அம்மா ஏன் எனக்கு வேலை கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. சிரிப்பு மூட்டியதற்காகவா, ஜீப் நேரம் தெரிந்ததற்காகவா? அவர் மாற்றலாகிப் போய்விட்டார், கேட்கவும் முடியவில்லை. அம்மன் செயல் என்றுதான் நான் நம்புகிறேன். அடுத்த சித்திரையில் வீரபாண்டிக்குப் போய், "தாயே, கேட்டுச்சு" என்று ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக ஊற்றினேன்.

கடைசியாக ஒரு வேண்டுதல்

இந்தக் கதை எனக்கு முன்னாலேயே ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மார்க்கையன்கோட்டையில் ஒன்றியம் ஒரே போனில் வேலை வாங்கிக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். சின்னமனூரில், பேர் ஒற்றுமையை வைத்து நான் தந்திரமாக ஏமாற்றி வாங்கியதாகச் சொல்கிறார்கள். முருங்கை மரத்தடியில் தொடங்கிய பேச்சும் எங்கேயாவது ஒரு மூலையில் இன்னும் உயிரோடு இருக்கலாம். பால்வாடிக்கு வந்த ஒரு தாயே என்னிடம் அரைகுறையாகக் கேட்டாள். அன்றைக்குத்தான் இதை எழுதியே தீர்வது என்று முடிவெடுத்தேன்.

எழுதி முடித்ததும் எங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். இடுப்பு வலியைத் தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லை, ஆயுசு கெட்டியாகத்தான் இருக்கிறது. எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். அந்தப் பேர் வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார்.

"ஒன் எழுத்துல நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அதனால் வாசகர்களே, இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். எங்களைப் போல யார் வாசலிலோ காத்து நிற்கிறவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் சொன்ன மேனிக்கே சொல்லுங்கள். கேட்கிறவர் இடையில் புகுந்து, "ஓ, சுருளிவேலா? ஒன்றியம்தானே?" என்று கேட்பார். கட்டாயம் கேட்பார்.

அங்கே மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். "இல்லை, வாழைத்தார் சுமந்தவர்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் மேலே போங்கள்.